இணைப்பு மூன்று: சம்பவங்களும் ஆதாரங்களும்

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. இதை நல்ல பழக்கம் என்றுதான் அறுபது வயதுவரை நம்பியிருந்தேன். மைத்துனரின் திருமணப் பதிவின்போது, ‘வேறு குறிப்புகள்’ என்றிருந்த இடத்தில் “மணமகன் முப்பது நிமிடம் தாமதம், காரணம் மழை” என்று எழுத வைத்தவன் நான். (அன்று மழையே பெய்யவில்லை என்று மணமகள் வீட்டார் இன்றும் சொல்கிறார்கள்.)

முப்பத்து நான்கு வருடம் அரச சேவை. கண்டிப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வுபெற்றேன். அரச சேவை விதிகளைச் சொல்லும் தாபனக் கோவையில் எந்த அத்தியாயத்தில் எந்தப் பிரிவு என்று கேட்ட உடனே சொல்வேன். ஓய்வுபெற்ற பிறகு யாரும் கேட்கவில்லை. அதனால் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். மீன்காரரிடம் நான் சுற்றறிக்கை விளக்கியதைப் பார்த்துவிட்டு என் மனைவி மங்களம், “இவருக்கு ஏதாவது வேலை குடுங்கப்பா” என்று குடும்பத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். அந்த வேண்டுகோளை நிறைவேற்றிய பாவம் தர்ஷினியைச் சேர்ந்தது.

தர்ஷினி என் தம்பியின் மகள். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி அவர்கள் வீடு. அவளுக்குச் சினிமா எடுக்க ஆசை. அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு ஆசைப்படு என்று சொல்லி, விண்ணப்பம் நிரப்பி, நேர்முகப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுத்து, அபிவிருத்தி உத்தியோகத்தராக ஆக்கியது நான். அப்போது அவள் தகுதிகாண் காலத்தின் கடைசி மாதங்களில் இருந்தாள். சேவையில் நிரந்தரமாக்கும் கடிதம் வந்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை. வராவிட்டால் ஒரு வரியில் வீட்டுக்கு அனுப்பலாம். அந்த ஒரு வரியை நானே பலருக்குத் தட்டச்சு செய்திருக்கிறேன்.

வார இறுதிகளில் அவள் நாலைந்து நண்பர்களோடு சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடப் படம். பெயர் ‘சொல்லச் சொன்னாங்க.’ எங்கள் பக்கத்து அரசியல்வாதி ஒருவரின் வாழ்க்கை வரலாறு, கிண்டலாக.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் உங்களுக்கு முகம் ஞாபகம் வராது. யாரும் சரியாகப் பார்த்ததில்லை. நாய்க்குட்டி காணாமல் போனாலும் சுவரொட்டி அடிக்கிற ஊரில் அவருக்கு ஒரு சுவரொட்டி கிடையாது. திருவிழாவில் முன்வரிசையில் இருக்கமாட்டார். எந்த பங்களாவில் தூங்குகிறார் என்று அவருடைய சாரதிக்கே மாலையில்தான் தெரியும் என்பார்கள். ஆனால் அவரைக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு மதகுகூடக் கட்ட முடியாது. கட்டளை எப்போதும் தொலைபேசியில் வரும். அதுவும் அவர் பேசமாட்டார். யாரோ ஒருவர் பேசி, “சேர் சொல்லச் சொன்னாங்க” என்பார். எந்தச் சேர் என்று என் முப்பத்து நான்கு வருடத்தில் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. நானும்தான்.

படம் அவருடைய பிறப்பிலிருந்து தொடங்கும். பிறப்புப் பதிவாளர் குழந்தையின் பெயரைக் கேட்பார். “அத இப்ப வெளியில சொல்ல வேணாம்” என்று தகப்பன் சொல்வார். பாடசாலை வகுப்புப் படத்தில் அவர் முகம் இன்னொரு பையனின் காதுக்குப் பின்னால் இருக்கும். கல்யாண அல்பத்தில் மணமகள் மட்டும் இருப்பாள். பக்கத்துக் கதிரையில் மாலை மட்டும் இருக்கும். அரசியலுக்கு வந்த பிறகு கறுப்புக் கண்ணாடி வாகனத்திலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வரும். அந்தக் கையாக நடிக்க அலவத்துகொட ஜவ்பர் ஹாஜியார் ஒத்துக்கொண்டார். கட்டுகஸ்தோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், சமாதான நீதவான், என் நண்பர். வெள்ளையாக, கொழுகொழு என்று, கல் மோதிரம் போட்ட கை. பார்த்தவுடனே கும்பிடத் தோன்றும்.

பட எழுத்துப் பிரதியை என்னிடம் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் தர்ஷினி தந்தாள். கந்தோர்க் காட்சிகளில் பேச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். அத்தோடு என் பழைய மரக் கதிரையும் கடிதம் கோர்த்து வைக்கிற பழைய கோவை மட்டைகள் ஒரு கட்டும் இரவல் வேண்டுமாம். நான் சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரசியல்வாதி சம்பந்தமான காட்சிகள் எல்லாம் பிரமாதம். நான் இரவுச் சாப்பாட்டு மேசையில் வருடக்கணக்காகச் சொல்லிவந்த கதைகள்தான் அவை. ஒரு பாத்திரம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. தொலைபேசி மணி அடித்ததும் கதிரையிலிருந்து எழும்பி நிற்கிற ஒரு உத்தியோகத்தர். சொன்னதற்கெல்லாம் “ஆகட்டும் சேர்” என்பார். பிறகு உட்கார்ந்து, நடந்துவிட்ட அநியாயத்துக்குப் பொருத்தமான கடிதங்களை முன்திகதியிட்டு எழுதுவார். ஓரத்தில் இப்படிக் குறித்தேன்: “நம்பக்கூடியதாக இல்லை. இப்படி ஒரு கோழையை என் சேவைக்காலத்தில் கண்டதில்லை.”

தர்ஷினி அதைப் பார்த்தாள். பிரதியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வேலை போய்விடக் கூடாது என்பதில் அவள் கவனமாகத்தான் இருந்தாள். இயக்குநர் பெயர் புனைபெயர். படத்தில் ஊர்ப் பெயர் இல்லை. தொடக்கத்தில் ‘யாவும் கற்பனை’ என்ற அட்டை. கடைசிக் காட்சிக்கு நீண்ட தாழ்வாரம் உள்ள பழைய பங்களா ஒன்று தேவைப்பட்டது. கம்பளைப் பாதையில் பொதுச் சொத்தாக அப்படி ஒன்று பூட்டிக் கிடந்தது. காவலாளியிடம் பேசி, போயா எனும் பௌர்ணமி விடுமுறையன்று இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டு வந்துவிடுவதாகத் திட்டம்.

“அனுமதி?” என்றேன்.

“காவலாளி சரின்னுட்டாரு பெரியப்பா.”

காவலாளி சரியென்றாராம். அந்த வசனத்தைக் கேட்டு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அவள் இரண்டு வாரப் பயிற்சி வகுப்புக்காக வெளியூர் போய்விட்டாள். நான் பங்களாவுக்குப் பொறுப்பான கந்தோருக்குப் போய் அனுமதிப் படிவம் கேட்டேன். அங்கிருந்த பிள்ளை, “அப்படி ஒன்னு இருக்கா சேர்?” என்று கேட்டது. அலுமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கும் என்றேன். இருந்தது. மூன்று பக்கம், இருபத்திரண்டு கட்டம். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு உயிர் வந்தது.

படத்தின் சுருக்கம் கேட்டிருந்தார்கள், இணைப்பு ஒன்று. பங்குபற்றுவோரின் முழுப்பெயர், பதவி, கடமையாற்றும் இடம் கேட்டிருந்தார்கள், இணைப்பு இரண்டு. புனைபெயரைப் போட்டால் அது பொய்த் தகவல் அல்லவா? தர்ஷினியின் முழுப்பெயர், பதவி, கந்தோர், அடைப்புக்குறிக்குள் ‘தகுதிகாண் காலத்தில் உள்ளார்’ என்பதுவரை எழுதினேன். அடுத்த கேள்வி: ‘உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டதாயின் ஆதாரங்களை இணைக்கவும்.’ அது விவரணப் படங்களுக்கானது. ‘இல்லை’ என்ற ஒரு சொல்லோடு தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் உண்மை எது என்று நன்றாகத் தெரிந்த ஒருவன் எப்படி இல்லையென்று எழுதுவது?

இணைப்பு மூன்றை இரண்டு நாள் உட்கார்ந்து தயாரித்தேன். தலைப்பு, ‘சம்பவங்களும் ஆதாரங்களும்.’ ஐந்து நிரல். தொடர் இலக்கம், படத்தில் வரும் காட்சி, உண்மையில் நடந்தது, கோவை இலக்கம், கையொப்பமிட்ட உத்தியோகத்தர். மொத்தம் பதினொரு சம்பவம். பாடசாலை கரப்பந்தாட்டத் திடல் வாகனத் தரிப்பிடமானது. கோழிப்பண்ணையின் நாற்றத்தைப் பற்றி அறிக்கை எழுதிய சுகாதாரப் பரிசோதகர் ஒரே வாரத்தில் இடமாற்றம் பெற்றது. மேட்டுக்குடியிருப்புக்கு வரவேண்டிய தண்ணீர்க் குழாய் பாதி வழியில் திரும்பி ஒரு பங்களாவுக்குள் போனது. இப்படிப் பதினொன்று. கோவை இலக்கங்களை ஞாபகத்திலிருந்தே எழுதினேன். (இரண்டில் மட்டும் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணில் சந்தேகம் இருந்தது. அதையும் அடிக்குறிப்பில் தெரிவித்தேன்.)

விண்ணப்பத்தோடு வைத்த கடிதத்தின் கீழே பிரதி பெறுவோர் பட்டியல் போட்டேன். ஒருவரைப் பற்றி எழுதினால் அவருக்கும் ஒரு பிரதி போகவேண்டும். அது இயற்கை நீதி. ஆகவே அந்த அரசியல்வாதியின் இணைப்புச் செயலாளருக்கும் ஒன்று. பக்கத்தில் ‘தகவலுக்காக’ என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, வழியில் ஒரு பிளேன் டீ குடித்தேன். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. நான் மனநிம்மதியோடு குடித்த கடைசி டீ அது.

ஐந்தாம் நாள் காலை பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. இலக்கம் விழவில்லை.

“சுப்பையா ஐயாவா? ஒங்களை ஒருக்கா வந்து பாக்கும்படி சேர் சொல்லச் சொன்னாங்க.”

கதிரையிலிருந்து எழும்பி நின்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மங்களம் தலையைத் தூக்கி, “என்னங்க, தேசிய கீதமா?” என்று கேட்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கந்தோர்ப் பிரதியை வாங்கிப் படித்தாள். (வீட்டிலும் நான் கந்தோர்ப் பிரதி வைப்பேன்.) இணைப்பு இரண்டில் நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், அந்தப் பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான், இப்போது அதைப் பறிக்கப் போவதும் நான்தான் என்று.

தர்ஷினி சனிக்கிழமை பயிற்சி முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் யாரோ அரைகுறையாகச் சொல்லியிருந்தார்கள். கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை நின்றபடியே வாசித்தாள்.

“பெரியப்பா, எம் பேரை எதுக்குப் போட்டீங்க?”

“அதுக்குக் கட்டம் இருந்திச்சு.”

“எனக்கு உதவி செய்ய வேணாம்னு நான் ஒங்களுக்கு எழுத்துல தந்திருக்கணும்.”

நிரந்தரமாக்கும் கடிதம் தயாராகிவிட்டது, இன்னும் ஒரு கையொப்பம்தான் பாக்கி என்று போன வாரம்தான் சொன்னார்களாம். தேநீர் குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதிலுக்கு என்னிடம் பிரிவு, உபபிரிவு எல்லாம் தயாராக இருந்தன.

இணைப்புச் செயலாளரின் கந்தோர் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு தரையோட்டுக் கடையின் மேல்மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை இல்லை. அந்த மேல்மாடிக்கு நான் எத்தனையோ கடிதம் அனுப்பியிருக்கிறேன், ஏறியது அன்றுதான். திலகராஜ் என்று ஒரு முப்பத்தைந்து வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். கதிரையைத் தானே இழுத்துப் போட்டார். மேசையில் என் இணைப்பு மூன்று மட்டும் இருந்தது.

“இது நீங்களே டைப் பண்ணினதா ஐயா?”

ஆமென்றேன்.

“எவ்ளோ நீட்டா இருக்கு. எங்க கந்தோர்ல இப்படிச் செய்ய ஒருத்தர் இல்ல.”

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிரல்களின் அகலம் சரியாக வருவதற்கு நான் பட்ட பாட்டைக்கூட அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அவருடைய சேர் இதை வாசித்தாரா என்று கேட்டேன். வாசித்தார் என்றார். கோபப்பட்டாரா என்று கேட்டேன்.

“சிரிச்சாங்கன்னு சொல்லச் சொன்னாங்க.”

பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். இதில் தங்கள் சேரின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார். பார்த்தேன். இல்லை. அவர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றாவது? யோசித்தேன். அவர் கையொப்பம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

“கடைசி நிரலை வாசிங்க ஐயா. சத்தமா.”

முதல் வரிசையில் ‘மு. சுப்பையா, நிர்வாக உத்தியோகத்தர்’ என்று இருந்தது. வாசித்தேன். இரண்டாம் வரிசையில் ‘மேற்படி.’ மூன்றாம் வரிசையில் ‘மேற்படி.’ திலகராஜ் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக்கொண்டு வந்தார், பாலர் வகுப்பில் எழுத்துக் காட்டுகிற மாதிரி. பத்து மேற்படி.

தட்டச்சு செய்தபோது இது என் கண்ணில் படவே இல்லை. ஒரே பெயரைப் பதினொரு தடவை எழுதுவது நேர விரயம் என்பதால் மேற்படி போட்டேன். மேற்படி போட்டதால் அந்தப் பெயர் என் பெயர் என்பது மறந்துபோனது. உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அந்தத் தொலைபேசி அழைப்பு வரும் நாட்களில் எங்கள் மேலதிகாரிகளுக்கு ஆள் மாற்றி ஆள் காய்ச்சல் வரும். லீவில் போய்விடுவார்கள். நான் மட்டும் காய்ச்சல் வராத உடம்புக்காரன். வாய்மொழிக் கட்டளையை எழுத்தில் ஒழுங்குபடுத்தாவிட்டால் கணக்காய்வில் பிழை வரும் என்பதால், ‘அவசரத் தேவை கருதி’ என்று தொடங்கி ஒரு குறை சொல்ல முடியாத கோவை தயாரித்து, ‘பிரதேச செயலாளருக்காக’ என்று போட்டு நானே கையொப்பமிடுவேன். இதை நான் வீட்டில் என் சாமர்த்தியம் என்றுதான் சொல்லிவந்தேன்.

“அப்ப இது யாரைப் பத்தின படம் ஐயா?” என்றார் திலகராஜ்.

மிரட்டல் மாதிரி ஒன்றுமே அவர் பேசவில்லை. இரண்டு வழி இருக்கிறது என்றார். தகுதிகாண் காலத்திலுள்ள ஓர் உத்தியோகத்தர் மக்கள் பிரதிநிதி ஒருவரைப் பற்றிப் படம் எடுக்கலாமா என்று அந்தப் பிள்ளையின் திணைக்களத்திடம் விளக்கம் கேட்கலாம், அது முறையானது. இல்லாவிட்டால், ஒரு பிள்ளை தன் பெரியப்பாவைப் பற்றிக் குடும்பப் படம் எடுக்கிறது. அதில் யாருக்கும் ஆட்சேபனை இருக்க முடியாது. இரண்டாவதற்கு, சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்து கையொப்பமிட்ட ஒரு சத்தியக்கடதாசி போதும்.

“என்ன மாதிரி எழுதணும்?” என்று கேட்டேன்.

“ஒங்களுக்குத் தெரியாததா ஐயா?”

பாலத்தில் நின்று கொஞ்ச நேரம் மகாவலி ஆற்றைப் பார்த்தேன். என்னிடம் இருந்த சொத்து ஒன்றுதான். முப்பத்து நான்கு வருடத்தில் விளக்கம் கோரி ஒரு கடிதம்கூட வாங்காதவன் என்ற பெயர். ஓய்வூதியர் கூட்டங்களில் அதைச் சொல்லித்தான் நான் பேச்சை ஆரம்பிப்பேன். அந்தப் பதினொரு காரியத்துக்கும் நான்தான் பொறுப்பு என்று சத்தியம் செய்தால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. செய்யாவிட்டால் தர்ஷினியின் வேலை முடிந்தது. இன்னொரு விஷயமும் தண்ணீரைப் பார்க்கும்போது தெரிந்தது. நான் எழுதப்போவது பொய்ச் சத்தியம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. ஆதாரம் இணைப்பு மூன்றில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து எழுதினேன். ஏழு பந்தி. ஒரு திருத்தம்கூட இல்லாமல் வந்தது.

கையொப்பத்துக்கு ஜவ்பர் ஹாஜியாரின் கடைக்குப் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று உரக்க வாசித்தார். “‘மேற்குறித்த திரைப்படத்தில் வருகின்ற, வெளியில் தலைகாட்டாத, அதிகாரம் மிக்க அரசியல்வாதியாகச் சித்திரிக்கப்பட்டிருப்பவர் நானே என்றும்...’ என்ன சேர் இது? அப்ப நான் நடிச்ச கை யாருட கை?”

“என்னோடது.”

அவர் என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். “ஒங்கட கை இப்பிடி மெலிஞ்சில்லவா ஈக்கி. ஆரு நம்புவா?”

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, குத்துவதற்கு முன் ஒரு முறை கேட்டார், “வாசிச்சு விளங்கித்தானே சேர் சைன் வெக்கிறீங்க?” அது சமாதான நீதவான் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி. எத்தனையோ பேரிடம் அதைக் கேட்க வைத்தவன் நான். அன்றுதான் முதல் தடவையாக அதற்குப் பதில் சொன்னேன்.

பங்களா அனுமதி மறுநாளே வந்தது, தொலைபேசியில். தர்ஷினியிடம் சத்தியக்கடதாசியின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தாள். பிறகு உள்ளே போய் அந்தப் பட எழுத்துப் பிரதியை எடுத்து வந்து, ஓரத்தில் நான் சிவப்பில் எழுதிய குறிப்பைக் காட்டினாள்.

“இந்த உத்தியோகத்தரை நீக்கிடட்டுமா பெரியப்பா? நம்பக்கூடியதா இல்லன்னு எழுதியிருக்கீங்க.”

இருக்கட்டும் என்றேன். கதிரையிலிருந்து எழும்பும்போது அவர் முதலில் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டுத்தான் எழும்புவார் என்ற விவரத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.

படத்தைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சிறு மண்டபத்தில் போட்டார்கள். பிளாஸ்டிக் கதிரை எல்லாம் நிரம்பி, பின்னால் ஆட்கள் நின்றார்கள். ‘யாவும் கற்பனை’ அட்டை இருந்த இடத்தில், ‘இது மு. சுப்பையா அவர்களின் வாழ்க்கை வரலாறு. அவரது சத்தியக்கடதாசியின்படி’ என்று வந்தது. சபையில் ஒரு சிரிப்பு எழும்பியது. ஜவ்பர் ஹாஜியாரின் கை ஜன்னலுக்கு வெளியே வந்தபோது, எல்லோரும் திரும்பி என் கையைப் பார்த்தார்கள். நான் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மொத்தப் படத்திலும் அந்தக் கை வருவது நான்கு நிமிடம் இருக்கும். மீதியெல்லாம் எழும்பி எழும்பி உட்காருகிற அந்த உத்தியோகத்தர்தான். ஓய்வூதியர் சங்கத்திலிருந்து வந்திருந்த மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் தம்பி சிரிக்கவில்லையோ என்று பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான், சிரித்துச் சிரித்து.

விளக்குப் போட்டதும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கையில் குடை. மேட்டுக்குடியிருப்பில் இருப்பதாகச் சொன்னார்.

“படத்துல அந்தக் குழாய் திரும்பிப் போச்சே ஐயா, அது எங்க குழாயா?”

“ஆமா.”

“ஒங்க கையெழுத்தா?”

“ஆமாங்க.”

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். குடையும் கையில் இருந்தது. அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி தெரிந்தது.

“நல்லதுங்க. இத்தனை வருஷமா யார்கிட்ட கேக்கணும்னே தெரியாம இருந்தோம். வர்ற புதன்கிழமை வீட்டுல இருப்பீங்களா?”

புதன்கிழமை கந்தோர்களில் பொதுமக்கள் தினம். அந்தப் பழக்கத்தில் கேட்டிருப்பார். பழக்கத்தில்தான் நானும் இருப்பேன் என்றேன். புதன்கிழமை காலை எட்டரைக்கு அவரோடு ஒன்பது பேர் வந்தார்கள். மறுப்பதற்கு எனக்கு ஒரு வழியும் இல்லை. இந்தப் பக்கத்தில் நடந்ததற்கெல்லாம் நானே பொறுப்பு என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருக்கிற ஒரே ஆள் நான்தான். குழாயைத் திருப்பிவிட எந்தக் கடிதம் எங்கே போகவேண்டும் என்று தெரிந்தவனும் நான்தான், திருப்பியவன் ஆகையால். பதினான்கு மாதமும் இருபத்தாறு கடிதமும் ஆனது. தண்ணீர் வந்தது. மெல்லியதாக, காலையில் மட்டும். அதற்குள் கரப்பந்தாட்டத் திடல்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

தர்ஷினி சேவையில் நிரந்தரமாக்கப்பட்டாள். அடுத்த படத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். என்ன கதை என்று எனக்குச் சொல்வதில்லை. பிரதியை மங்களத்திடம்தான் வாசிக்கக் கொடுக்கிறாள்.

கொழும்பில் இருக்கும் என் மைத்துனர் போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு வந்து இறங்கினார். வாசல் முழுக்கச் செருப்பு, படியில் நாலைந்து பேர் கையில் தாளோடு. பதறிப்போய், வீட்டில் யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதா என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். சமையலறையிலிருந்து மங்களம் அவசரமில்லாமல் பதில் சொன்னாள்:

“ஒன்னும் இல்ல தம்பி, இன்னைக்குப் புதன்கிழமை. அமைச்சர் வீட்டுல இருக்காரு. செருப்பைக் கழட்டிட்டு நீங்களும் வரிசையில வாங்க.”